யாருக்கு வந்த சுதந்திரம்?

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் எனக்கு முன்னால் ஒரு கனவான் பேசினார். தொழிலதிபர், நல்ல மனிதர், நல்ல தமிழிலும் பேசினார். இந்தத் தேசத்தில் லஞ்சம் என்பது லைசென்ஸ் முறை பெற்றெடுத்த பிள்ளை. 1991-ல் தாயைக் கொன்றுவிட்டோம். பாலில்லாமல் பிள்ளையும் தானே செத்துப்போகும் என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு தட்டாமல் இருப்பது மரியாதையல்லவே! ஆனால் விழா முடிந்து பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தக் கைதட்டலை நினைத்து எனக்கு வெட்கமாயிருந்தது.

நான் பொருளாதாரம் படித்தவனல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்து, அதற்குமேல் சம்பளம் கட்ட வழியில்லாமல் எழுந்து வந்தவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ராயபுரத்தில் பிறந்தவனுக்குப் பொருளாதாரம் புத்தகத்திலிருந்து வரவேண்டியதில்லை. கப்பல் சங்கு கேட்டுக் கண்விழிக்கிறோம். லாரிகள் எங்கள் தெருமுனையில்தான் இரவெல்லாம் வரிசையில் நிற்கின்றன. எந்தச் சரக்கு வருகிறது, எது வெளியே போகாமல் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பதெல்லாம் எங்கள் டீக்கடைகளில் பத்திரிகைகளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிற சங்கதிகள்.

அந்தக் கனவான் சொன்னதில் பாதி வாஸ்தவம். அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கோட்டையிலிருந்து கடலோரமாக வடக்கே ராயபுரம் நோக்கிப் போகிற சாலைக்கு முன்னாளில் வடக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். இப்போது ராஜாஜி சாலை. சர்க்காருடைய பெரிய காரியாலயங்கள் இத்தனை நெருக்கமாக அமைந்த சாலை இந்த ஊரில் வேறில்லை. தலைமைச் செயலகம், ரிசர்வ் வங்கி, பெரிய தபாலாபீஸ், சுங்க மாளிகை, துறைமுக நிர்வாகம் எல்லாம் இங்கேதான். கையெழுத்துப் போடுகிறவர்கள் விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையெழுத்துக்கு அலைகிறவர்கள் வெயிலில் நடக்கிறார்கள். இந்தக் கையெழுத்து ராஜ்யத்தைத் தம் வயோதிகத்தில் தன்னந்தனியாக எதிர்த்து நின்றவரின் பெயரையே இந்தச் சாலைக்கு வைத்தார்களே, அவர்கள் தெரிந்துதான் வைத்தார்களா என்று எனக்குப் பலமுறை சந்தேகம் வந்ததுண்டு.

ராஜாஜியோடு எனக்கு ஒத்துப்போகாத விஷயங்கள் அநேகம். 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்து என் பாட்டனார் தெருவில் நின்றவர். ஆனால் 1952-ல் அவர் முதன்மந்திரியாக வந்தவுடன் செய்த காரியத்தை அதே பாட்டனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் வந்த ரேஷன், யுத்தம் முடிந்து ஏழு வருஷமாகியும் போகவில்லை. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோவது குற்றம். மடியில் நாலு படி அரிசி வைத்திருந்த கிழவியைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்திய காலம். லாரியில் போனவனை யாரும் நிறுத்தவில்லை, அவன் சாவடிக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டான். ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். எடுத்தால் பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அவர்தான் 1959-ல், எண்பது வயசில், சுதந்திரா கட்சியைத் தொடங்கி, பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்ற சொல்லைத் தேசத்துக்குக் கொடுத்தார். நோயை அவர் சரியாகவே சொன்னார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவருடைய கட்சியில் வந்து சேர்ந்தவர்கள் யார்? சமஸ்தானத்து மகாராஜாக்கள், மகாராணிகள், பெரிய மிராசுதார்கள், மில் முதலாளிகள். சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்ட அந்தக் கிழவி அந்த மேடையில் இல்லை. பொருளாதாரச் சுதந்திரம் என்ற பேச்சு இந்த நாட்டில் பிறந்தபோதே அதற்கு இந்தக் கோளாறு இருந்தது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவனைக் கூப்பிடாமலே அவன் பேரில் பேசினார்கள்.

எதிர்ப்பக்கத்தார் மட்டும் என்ன? 1956 செப்டம்பரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. ஜனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியத்தைத் தனியார் கம்பெனிகள் மோசம் செய்கின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். அது பொய்யுமல்ல. ஒரு வருஷம் நிறையுமுன், 1957 ஜூனில், அதே கார்ப்பரேஷன் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முதலீட்டுக் கமிட்டி என்று ஒன்று இருந்தது, அதைக் கேட்கவில்லை. பார்லிமெண்டில் எழுந்து கேள்வி கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர்கூட அல்ல, பிரதம மந்திரியின் மாப்பிள்ளையான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா விசாரித்தார். பம்பாயில் பட்டப்பகலில், கதவைத் திறந்துவைத்து விசாரித்தார். ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். நான் உத்தரவிடவில்லை, அதிகாரிகள் செய்தது என்றார் நிதிமந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர். அதிகாரி செய்ததற்கும் மந்திரியே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் மந்திரி ராஜினாமாச் செய்தார். பின்னால் மறுபடி மந்திரியானார் என்பது வேறு கதை.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், சர்க்கார் கையில் இருந்தால் யோக்கியம், முதலாளி கையில் இருந்தால் அயோக்கியம் என்று ஒரு கூட்டம். இல்லை, நேர்மாறு என்று இன்னொரு கூட்டம். இரண்டும் இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கின்றன. முந்த்ரா விவகாரம் இரண்டு கூட்டத்துக்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது. பணம் யாருடைய பெட்டியில் இருந்தது என்பதா முக்கியம்? பெட்டியைத் திறந்தவன் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை; அங்கேதான் விஷயம் இருக்கிறது. கதவைத் திறந்துவைத்துக் கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

லைசென்ஸ் முறைக்குப் பெரிய முதலாளிகள் விரோதிகள் என்று அந்தக் கனவான் நம்புகிறார். அதுவும் முழு உண்மையல்ல. 1967-ல் பேராசிரியர் ஹஸாரி திட்டக் கமிஷனுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பெரிய குடும்பங்கள் லைசென்ஸுகளை வாங்கி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றன, தொழில் நடத்துவதற்கல்ல, இன்னொருவன் நடத்தக்கூடாதென்று, என்பதே அதன் சாரம். பணமிருந்தவனுக்கு லைசென்ஸ் ஒரு கோட்டைச் சுவர். வெளியே நின்றவனுக்குத்தான் அது தடை.

அப்படி வெளியே நின்றவர்களில் பொற்கொல்லர்களைப் போல அடிபட்டவர்கள் இல்லை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது. கள்ளக்கடத்தலை ஒழிப்பதற்காக என்றார்கள். கடத்தல்காரன் கொழுத்தான். பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆசாரிக்கு வேலை போயிற்று. தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்ய 1990 வரை ஆயிற்று.

இனி பர்மா பஜாருக்கு வருகிறேன். அந்தச் சாலையில் நடந்துகொண்டு அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

1964-ல் பர்மாவில் ஜெனரல் நீ வின்னின் சர்க்கார் கடைகளையெல்லாம் தேசியமயமாக்கியது. ராத்திரி பூட்டிவிட்டுப் போன கடை காலையில் சர்க்கார் கடை. போதாததற்கு அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதென்றும் அறிவித்தார்கள். மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் மாற்றுத்துணியோடு கப்பலேறி, இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடிசை போட்டுக் குடியேறினார்கள். 1969-ல் பீச் ஸ்டேஷன் மதிலையொட்டி அவர்களுக்குக் கடைகள் அமைந்தன.

அந்தக் கடைகளில் அவர்கள் என்ன விற்றார்கள்? ஜப்பான் டிரான்சிஸ்டர், கைக்கடிகாரம், செண்டு, நைலான் சேலை, கேசட் ரிகார்டர். அதாவது நாட்டுக்குள் வரக்கூடாதென்று சர்க்கார் சொன்னதையெல்லாம் விற்றார்கள். சுங்க மாளிகைக்கு அருகிலேயே விற்றார்கள். முன்வாசலால் வரமுடியாத சரக்கு எந்த வாசலால் வந்தது என்பது ஊரறிந்த ரகசியம். ஒரு தேசத்தின் சட்டம் அவர்களுடைய நேர்மையான கடையைப் பறித்தது. இன்னொரு தேசத்தின் சட்டம் அவர்களுக்குக் கள்ளக் கடைதான் வழி என்றது. இரண்டு சட்டங்களும் சமதர்மத்தின் பேரால் வந்தவை. ஒரே ஆயுளில் இரண்டையும் கண்டவர்கள் அவர்கள். சோஷலிசத்தைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் பேச இந்த நாட்டில் யாருக்காவது யோக்கியதை உண்டென்றால் அவர்களுக்குத்தான் உண்டு. அவர்களோ யாரிடமும் பிரசங்கம் செய்யாமல், மாலையானால் பக்கத்துத் தெருவில் அத்தோ விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல நாம் யார்? வாங்கியவர்கள் நாமல்லவா? என் தகப்பனார் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் குமாஸ்தா. ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவராதவர். நான் சிறுவனாக இருந்தபோது, என் அக்காளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், ஒரு ஜப்பான் டேப் ரிகார்டர் வாங்கப் பர்மா பஜாருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் அதைத் தினசரித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அப்பா அதை வேட்டி மடிப்போடு அணைத்துக்கொண்டு, மெயின் ரோடை விட்டுச் சந்து சந்தாக நடந்து ராயபுரம் வந்தார். வழியில் ஒரு போலீஸ்காரர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பாட்டு கேட்கிற ஒரு பெட்டிக்காக, ஒரு யோக்கியன் தன் பிள்ளையின் கண்ணெதிரே திருடனைப்போல நடந்தான். அந்தச் சட்டத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆகவே 1991 ஜூலையில் தொழில் லைசென்ஸ்கள் பெரும்பாலும் ஒழிந்தன என்ற செய்தி வந்தபோது வருத்தப்படுகிற ஜாதியல்ல நான். இறக்குமதித் தடைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பர்மா பஜாரின் மவுசு குறைந்தது. பெரிய கடைகளில் ரசீதோடு கிடைக்கிற சாமானுக்குச் சந்தில் நடப்பானேன்? ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையும், 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய எண்ணூர் லேலண்டும், இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று டில்லியில் யாரோ எழுதித் தருகிற கணக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. கனவான் சொன்னதில் நான் ஒப்புக்கொள்கிற பாதி இதுதான்.

மறுபாதி, அந்த ஆலைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் இருக்கிறது.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயசு. டர்னராக இருபது வருஷம் கைகட்டி வேலை பார்த்துவிட்டு, சீட்டுப் பணத்தில் பழைய லேத் ஒன்று வாங்கியவர். லாரிகளுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்கிறார். கூட இரண்டு பையன்கள். தொழில் நன்றாக இருந்ததால் இன்னொரு லேத் வாங்கினார். அதை ஓட்ட ஒரு சர்க்கார் காரியாலயத்தின் அனுமதி வேண்டும். எந்தக் காரியாலயம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியமானவை என்று அர்த்தமாகிவிடும்.

ஏழு மாசத்தில் பதினோரு தடவை போனார். ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தில் பக்கம் தெளிவாக இல்லை. ஒருமுறை சுவரின் அளவு இல்லை. சுவரை அளந்து கொண்டுபோனபோது படிவமே மாறிவிட்டது. பார்க்கவேண்டியவர் பயிற்சிக்குப் போயிருந்தார். திரும்பிவந்தபோது மாற்றலாகிப் போனார். இதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறதே என்று கேட்பீர்கள். வாஸ்தவம், விண்ணப்பம் கம்ப்யூட்டரில் போகிறது. பணம் பழைய வழியிலேயே, எதிர் டீக்கடையில் போகிறது. டீக்கடையில் ஒருவர் இவரிடம் தொகையையும் சொல்லிவிட்டார்: எட்டாயிரம். வாங்கிய லேத் சாக்கு போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இவர் கேட்டது சட்டத்துக்கு விரோதமான எதையுமல்ல என்பதைக் கவனியுங்கள். சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடு என்றுதான் கேட்டார். 1962-ல் சர்க்கார் ஏற்படுத்திய லஞ்ச ஒழிப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்த கே. சந்தானம், தமிழர்தான், 1964-ல் கொடுத்த அறிக்கையில் இதைத்தான் எழுதினார். லஞ்சம் கொடுக்கிறவன் பெரும்பாலும் தகாததைக் கேட்பதில்லை, தன் காகிதம் நகர்ந்தால் போதும் என்றுதான் கொடுக்கிறான் என்றார். அந்த அறிக்கைக்குப் பிறகு கண்காணிப்புக் கமிஷன் வந்தது, கோட்டா போயிற்று, சர்க்கார்கள் மாறின, தாராளமயம் வந்தது. காகிதம் மட்டும் இன்றும் அங்கேயே நிற்கிறது. 1991-ல் யாருடைய தாய் செத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஆரோக்கியமாகவே இருக்கிறான்.

பெரியவர்களுக்கு மட்டும் சுதந்திரம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

2018-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுக்கிறவனும் குற்றவாளி. ஏழு வருஷம்வரை தண்டனை கிடைக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த ஏழு நாளுக்குள் அவனே போய் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பில்லை. அதே திருத்தத்தில், உத்தியோகஸ்தர் தம் பதவி முறையில் எடுத்த முடிவைப் பற்றி விசாரணை தொடங்குவதற்கே மேலிடத்து முன் அனுமதி வேண்டும் என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். கொடுக்கிறவனுக்குக் கெடு, வாங்குகிறவனுக்குக் குடை!

அதே 2018-ல்தான் தேர்தல் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு கம்பெனி ஸ்டேட் வங்கிக்குப் போய் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை விலையுள்ள பத்திரம் வாங்கலாம்; எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று உங்களுக்கும் எனக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதன்முதலில் அதை விற்ற நாலு நகரங்களில் சென்னையும் ஒன்று. லேத்காரர் எட்டாயிரம் கொடுத்தால் ஏழு நாள் கெடு. கம்பெனி எட்டுக் கோடி கொடுத்தால் ரகசியக் காப்பு. இரண்டும் ஒரே வருஷத்தில் ஒரே பார்லிமெண்ட் காலத்தில் அமலுக்கு வந்தவை. முந்த்ரா காலத்தில் குறைந்தபட்சம் கதவைத் திறந்தார்கள். இங்கே கதவு மூடியிருப்பதையே சட்டமாக்கினார்கள்.

2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அடித்துப்போட்டது. மறுமாதம் பெயர்கள் வெளியே வந்தன. மிக அதிகமாகப் பணம் பெற்ற கட்சி, மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதா. மிக அதிகமாக வாங்கிய கம்பெனி எது தெரியுமா? கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனி. 1,368 கோடி ரூபாய்! அதில் பெரும்பங்கு மேற்கு வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்போது ஆண்ட கட்சிகளுக்குப் போயிருந்தது. தமிழ்நாட்டிலோ 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. ராயபுரத்துக் கைவண்டிக்காரன் ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கக்கூடாது, அவன் குடும்பம் கெட்டுவிடும். சீட்டு விற்ற பணம் கட்சி நிதிக்கு வந்தால் மட்டும் ஒன்றும் கெட்டுவிடாது. மார்க்சிஸ்ட் கட்சி ஒரு பத்திரமும் வாங்கவில்லை என்பதோடு, வழக்குப் போட்டவர்களில் ஒருவராகவும் இருந்தது. அவர்களுடைய பொருளாதாரத்தில் எனக்குப் பாதி பிடிக்காவிட்டாலும் இதைச் சொல்லாமலிருப்பது நியாயமல்ல.

இன்னும் வடக்கே போவோம். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் ஒரு புது மாதிரியாகத் திறக்கப்பட்டது: பழைய டிரஸ்டு முறை வேண்டாம், கம்பெனிச் சட்டப்படி நடக்கட்டும், வியாபாரச் சுதந்திரத்தோடு இயங்கட்டும் என்றார்கள். 2014-ல் அதற்குக் காமராஜர் பெயரும் வைத்தார்கள். 2020 மார்ச்சில், சர்க்கார் தன் தொழில்களிலிருந்து விலகிக்கொள்கிறது என்று சொல்லி, மத்திய சர்க்காருக்கு அதிலிருந்த மூன்றில் இரண்டு பங்கை விற்றார்கள். வாங்கியவர் யார்? சென்னைத் துறைமுக டிரஸ்டு! மீதி ஒரு பங்கும் ஏற்கெனவே அவர்களுடையதுதான். விலை 2,383 கோடி. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டு, நான் செலவாளி அல்ல, சம்பாதித்தவன் என்று சொல்கிற குடும்பத் தலைவரை நான் கதையில் எழுதினால், பத்திரிகாசிரியர் மிகையாக இருக்கிறதென்று வெட்டிவிடுவார்.

அதற்கு ஒட்டினாற்போல் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் லார்சன் அண்ட் டூப்ரோவிடமிருந்து அதானி கம்பெனிக்குக் கைமாறியது. நாட்டின் ஒரு பெரிய துறைமுகம் எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று கடலில் போகிறவர்களுக்கே தெரியாது. அந்தக் கரையில் வலைபோடுகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறுதான். கொசஸ்தலை ஆற்றில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து, பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் தார் பூசியதுபோலாயின. அதே மாதம் 26-ந்தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடல் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாம்பல் குழாய்க்குச் சொந்தக்காரர் சர்க்கார். அம்மோனியாக் குழாய்க்குச் சொந்தக்காரர் தனியார். இரண்டு சித்தாந்தத்துக்கும் ஒவ்வொன்று.

அப்படியானால் மறுபடி கட்டுப்பாடுகள் வேண்டும் என்கிறீரா, அல்லது எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒழியவேண்டும் என்கிறீரா என்று என்னை மடக்க நினைப்பவர்கள் இருப்பார்கள். இரண்டுமில்லை, ஐயா. லேத்காரரின் சுவரை அங்குலக் கணக்கில் அளக்கிற சர்க்காருக்கு ஆற்றில் விழுந்த சாம்பல் மலை ஏன் கண்ணில் படவில்லை என்றுதான் கேட்கிறேன். காசிமேட்டில் விசாரித்துப் பாருங்கள். 1983-ல் இந்த ராஜ்யம் கடல் மீன்பிடிப்புக்கு ஒரு சட்டம் செய்தது. வலைக்கண் குறிப்பிட்ட அளவுக்குச் சிறியதாக இருக்கக்கூடாது. சின்ன மீன் தப்பிப் போகவேண்டும், அப்போதுதான் கடல் பிழைக்கும் என்பது அதன் கீழ் வந்த விதி. மீனுக்குத் தெரிந்த இந்த நியாயத்தை மனிதனுக்குச் செய்த சட்டங்களில் தலைகீழாக்கியிருக்கிறோம். கண் சிறுத்து, நூல் நைந்த வலை. பொடிமீன் அத்தனையும் அதில் கிடந்து துடிக்கிறது. திமிங்கிலம் வந்தால் வலைக்குத்தான் சேதம்.

பொருளாதாரச் சுதந்திரம் வேண்டும் என்று மேடையில் பேசுகிற கனவான்கள், அதை மேலேயிருந்து தொடங்கினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் கீழே வந்து சேரவில்லை. தள்ளுவண்டிக்காரனிடமிருந்து தொடங்கியிருக்கவேண்டும். 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று பார்லிமெண்ட் ஒரு சட்டமே செய்தது. விற்கிற இடம், அடையாளச் சீட்டு, அவர்களும் உட்கார்ந்து பேசுகிற கமிட்டி என்று நல்ல சட்டம். பழைய வண்ணாரப்பேட்டையில் தள்ளுவண்டி வைத்திருக்கிற ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதில்லை என்றார். ஆனால் சாயங்காலம் யார் வருவார், எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

லேத்காரர் கதையை முடித்துவிடுகிறேன்.

எட்டாவது மாசம் அவர் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க எழுதறவராச்சே, ஒரு மனு எழுதிக் குடுங்க சார்" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு முழுத்தாளில் எழுதினேன். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, அவர் எத்தனை நாள் வைத்திருந்தார், என்ன குறிப்பு எழுதினார், எந்த விதியின் கீழ் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நாலே கேள்விகள். பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினோம். சட்டப்படி முப்பது நாளில் பதில் தரவேண்டும். பதில் வரவில்லை, பத்தொன்பதாம் நாள் அனுமதிக் காகிதமே வந்துவிட்டது. இருபது வருஷமாக எழுதுகிறேன். நான் எழுதியதைப் படித்து ஒரு மனிதர் உடனே எழுந்து காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. பெருமை தாங்காமல், ஒரு சனிக்கிழமை மாலை பட்டறைக்குப் போனேன். சாக்கு எடுத்திருந்தது. புது லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்.

"குடுத்துட்டேன் சார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எதைக் கொடுத்தீர்கள் அண்ணே? அதுதான் காகிதம் வந்துவிட்டதே!"

"வந்துச்சு. வருசா வருசம் அத்தப் புதுப்பிக்கணும் இல்ல? நாளைக்கும் அவர்கிட்டதானே சார் போவணும்? பெரிய கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போவான். நான் இந்தச் சந்துலதானே இருக்கணும்?" துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "அவரும் நல்ல மனுசன்தான், தப்பு சொல்லக்கூடாது. எட்டு கேட்டவரு, நீங்க மனு போட்டதால அஞ்சு போதும்னுட்டாரு."

எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டிலேயே போய் என்றார். கணக்குப் பார்த்தேன். ஆறு நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நாள் பாக்கி. அந்தச் சட்டத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டாவது லேத்தின் சுவிட்சைப் போட்டுவிட்டார்; அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.